புது டிரைவர் பார்க்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

"புது டிரைவர் பார்க்கப் போகிறேன், ஐம்பதாயிரம் வரை ஆகும்" என்று வீட்டில் சொன்னேன். "ஐம்பதாயிரமா? சாப்பாடு போட்டால் இருபதுக்கே ஆள் வருவாரே" என்றார் மாமியார்.

அவருக்குச் சொன்ன விளக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். கோல்ஃப் பையில் இருக்கும் மட்டைகளிலேயே மிக நீளமானது, மிகப் பெரிய தலை கொண்டது டிரைவர். ஒவ்வொரு குழிக்கான ஆட்டத்தின் தொடக்கத்தில், டீ என்கிற சிறு குச்சியின் மேல் பந்தை வைத்து, முடிந்தவரை தூரத்துக்கு அனுப்ப எடுப்பது. பையில் இருப்பதிலேயே விலை கூடியதும் அதுதான், ஆளை அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

என்னுடைய முதல் டிரைவரை நான் வாங்கிய கதை இது: தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டக்காரர் 9 டிகிரி சாய்வுள்ள டிரைவர் வைத்திருந்தார், விறைப்பான தண்டு வைத்திருந்தார். எனக்கும் அதுவே வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கேட்டதைக் கொடுப்பதுதானே அவர் தொழில். அடுத்த ஆறு மாதத்தில் வலப்பக்கத்து மரங்களுக்குள் நான் தொலைத்த பந்துகளைக் கூட்டிப் பார்க்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

அதில் கற்றது ஒன்றுதான். நன்றாக மாட்டிய அடிக்கு எந்த டிரைவரும் போதும். வாரம் ஒருமுறை ஆடும் நமக்குப் பத்தில் ஏழு அடி நன்றாக மாட்டுவதில்லை. அந்த ஏழு அடிக்காகத்தான் மட்டை வாங்குகிறோம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஏழைக் கணக்கில் வைத்துச் சொல்வது. வலது கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும். அவர்களுக்கு இந்த ஊரில் மட்டை கிடைப்பதே தனிப் பாடு.

முதலில், தேவையா?

விதிப்படி பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். அதில் டிரைவர் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. 7-ஆம் எண் அயர்னை, அதாவது மெல்லிய உலோகத் தலை கொண்ட நடுத்தூர மட்டையை, எடுத்துப் பத்துப் பந்து அடியுங்கள். ஆறு பந்தாவது ஒழுங்காகக் காற்றில் எழும்பவில்லை என்றால், டிரைவர் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுப்பது நல்லது. அதுவரை டீயிலிருந்து, டிரைவரைவிடச் சிறிய தலை கொண்ட 5-ஆம் எண் வுட்டோ ஹைப்ரிடோ போதும்.

முகத்தில் பவுடர்

கடைக்குப் போகும் முன் பயிற்சித் திடலுக்குப் போகவேண்டும், இரவல் டிரைவர் ஒன்றுடன். நண்பரிடமோ, பயிற்சியாளரிடமோ கேட்டால் கிடைக்கும்.

எங்கள் கேடிக்கு (களத்தில் பையைத் தூக்கி வந்து யோசனையும் சொல்பவர்) வயது அறுபதை நெருங்குகிறது. உள்ளங்கை வியர்வைக்கென்று சட்டைப் பையில் ஒரு சின்ன பவுடர் டப்பா வைத்திருப்பார். அன்று ஈரத்துண்டால் என் டிரைவரின் முகத்தை, அதாவது பந்து படும் பக்கத்தை, துடைத்தார். ஈரம் காய்வதற்குள் பவுடரைத் தூவி, மிச்சத்தை ஊதினார். திருநீறு பூசிய நெற்றிபோல் ஆனது அது. "இப்போது அடியுங்கள் சார்." அடித்தேன். பவுடரில் பந்தின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. நடுவில் அல்ல, தண்டை ஒட்டிய ஓரத்தில். மறுபடி பவுடர், மறுபடி அடி. ஐந்தில் நான்கு அதே ஓரம். "ஆறு மாதமாக மரத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோமே சார்" என்றார்.

இதை நீங்களும் செய்யுங்கள். பவுடர் இல்லையென்றால், பந்தின் பின்பக்கத்தில் வெள்ளைப் பலகைக்கு எழுதும் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அடித்தால் அது மட்டையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இருபது பந்து போதும். ஒரு துண்டுத் தாளில் மூன்று விஷயம் குறியுங்கள்: முகத்தில் எங்கே பட்டது, பந்து எந்தப் பக்கம் கிளம்பி எந்தப் பக்கம் வளைந்தது, எவ்வளவு உயரம் போனது. தூரத்தைக் குறிக்கவே வேண்டாம். பயிற்சித் திடல் பந்துகள் அடிபட்டுத் தேய்ந்தவை. நல்ல பந்து போகும் தூரம் அவை போவதில்லை.

முகத்தில் எங்கே படுகிறது என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? டிரைவரின் தலையும் பந்தும் ஒன்றையொன்று தொடும் அந்த நொடித்துளியில் இரண்டு பல்சக்கரங்கள் போல நடந்துகொள்கின்றன. ஒன்று ஒரு பக்கம் திரும்பினால் மற்றது எதிர்ப்பக்கம் சுழலும். பந்து மட்டையின் நுனிப்பக்கம் பட்டால், தலை வெளிப்பக்கமாகத் திரும்பும், பந்து இடப்பக்கம் வளையும் சுழற்சியைப் பெறும். தண்டை ஒட்டிப் பட்டால் நேர் எதிர்: பந்து வலப்பக்கம் வளையும். முகத்தின் மேற்பாதியில் பட்ட பந்து சுழற்சி குறைந்து உயரமாகக் கிளம்பும். கீழ்ப்பாதியில் பட்டது சுழற்சி மிகுந்து தாழ்வாகப் போய்த் தூரத்தை இழக்கும். ஆக, உங்கள் பந்து வலப்பக்கம் வளைவதற்கு வீச்சு மட்டும்தான் காரணம் என்று நினைக்கவேண்டாம். எனக்கு மட்டை நீளம் கூடுதல் என்பதுதான் பாதி வியாதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு வேகம்?

வேகம் அளக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போனால் மட்டையின் வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என்று சொல்லிவிடும். கருவி இல்லையென்றாலும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: 7-ஆம் எண் அயர்னால் அடித்த பந்து தரையைத் தொடுவதற்குள் எவ்வளவு தூரம் போகிறது? யார்டில் கணக்கிடுங்கள், யார்டு என்பது நம் ஜவுளிக்கடை கஜம்தான்.

120 யார்டுக்குக் கீழே என்றால் உங்கள் டிரைவர் வேகம் அநேகமாக 80 மைலை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். 120 முதல் 145 வரை என்றால் 80க்கும் 90க்கும் நடுவில் அல்லது சற்று மேலே. 160ஐத் தாண்டினால் நீங்கள் வேகக்காரர், சாதாரண ஆட்டக்காரருக்கு எழுதிய இந்தக் கட்டுரை உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஒரு எச்சரிக்கை: புதிய அயர்ன் செட்டுகளில் 7-ஆம் எண்ணின் சாய்வு பல சமயம் 30 டிகிரிக்கும் கீழே வந்துவிட்டது, பழைய செட்டுகளில் 34ஐ ஒட்டி இருந்தது. புது செட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் உங்களை நீங்களே சற்று உயர்த்தி மதிப்பிட்டுக்கொள்வீர்கள். பத்து யார்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சாய்வு: கூடுதல்தான் நல்லது

முகம் பின்பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதே லாஃப்ட். டிரைவரின் அடியில் 9, 10.5, 12 என்று எழுதியிருக்கும். எண் குறையக் குறையத் தூரம் கூடும் என்று ஒரு நம்பிக்கை ஆட்டக்காரர்களிடம் வேரூன்றியிருக்கிறது. மிக வேகமாக வீசுகிறவர்களுக்கு அது ஓரளவு சரி. மற்றவர்களுக்குத் தலைகீழ்.

மொட்டைமாடித் தோட்டத்துக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விடுகிறவர்களுக்கு இது தெரியும். மோட்டார் ஓடும்போது குழாயைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்தாலும் தண்ணீர் கடைசிப் பூந்தொட்டி வரை போகும். மோட்டாரை நிறுத்திவிட்டு மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மட்டும் விட்டால், முனையை உயர்த்திப் பிடித்தால்தான் அதே பூந்தொட்டியை எட்டும். 80, 90 மைல் வேகம் உள்ள நாம் மோட்டார் ஓடாத குழாய். பந்து உயரமாகக் கிளம்பினால்தான் காற்றில் நிற்கும்.

சாய்வு கூடுவதில் இரண்டாவது லாபமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுவே முதல் லாபம். சாய்வு கூடினால் பந்தின் பின்சுழற்சி கூடும். அதற்கு முன்னால் பக்கவாட்டுச் சுழற்சி அடங்கிப்போகும். அதே தப்பான வீச்சுக்கு 9 டிகிரியில் பக்கத்துக் குழிக்குப் போகும் பந்து, 12 டிகிரியில் ஃபேர்வே என்கிற வெட்டிய புல்பாதையின் ஓரத்துப் புல்லோடு நின்றுவிடும்.

எனவே, 80ஐ ஒட்டிய வேகத்துக்கு 12 டிகிரி. 80க்கு மேல், 95 வரை 10.5, அதிலும் ஐயம் இருந்தால் 12 பக்கம் சாயுங்கள். 9 டிகிரியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். தள்ளுபடி பெரும்பாலும் 9 டிகிரிக்குத்தான் கிடைக்கும் என்பதையும் கவனியுங்கள். ஏன் விற்காமல் நிற்கிறது என்று நினைத்துப் பார்த்தால் புரியும்.

இதில் சென்னையின் பங்கும் உண்டு. மே மாதத்தில் தரை காய்ந்து கிடக்கும். தாழ்வாக அடித்த பந்துகூட விழுந்து, துள்ளி, உருண்டு முப்பது நாற்பது யார்டு போய்விடும். அதைப் பார்த்துத் தாழ்வான சாய்வை வாங்கியவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் விழிப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய தரையில் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். காற்றில் போன தூரம்தான் அப்போது தூரம். ஆகவே மட்டையை மழைக்காலத்துக்கு வாங்குங்கள், வெயில் காலம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

புழுக்கத்தில் காற்று கனமாக இருக்கிறது, அதனால்தான் பந்து போகவில்லை என்று கிளப்பில் அடிக்கடி கேட்கலாம். பாவம், காற்றின் மேல் பழி. நீராவி, காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட எடை குறைந்தது. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று லேசானது. வெப்பமும் காற்றை லேசாக்கும். பந்து பறப்பதற்குச் சென்னைக் காற்று உண்மையில் தாராளமானது. புழுக்கத்தில் கனப்பது நம் உடம்புதான். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ போய் ஆடியவர்கள் திடீரெனத் தூரம் கூடியதாகப் பெருமைப்படுவார்கள். அது மலை உயரத்தின் வேலை. அந்தக் கணக்கை வைத்து மட்டை தேர்ந்தெடுக்கவேண்டாம்.

தலை

1970கள் வரை இந்த மட்டையின் தலை மெய்யாகவே மரத்தால் ஆனது. அதனால்தான் இன்றும் இந்த வகை மட்டைகளுக்கு 'வுட்' என்று பெயர். பெர்சிமன் என்கிற அமெரிக்க மரம் அது. நம் கருங்காலிக்கும் பீடி இலை மரத்துக்கும் பங்காளி. 1979-இல் டெய்லர்மேட் உலோகத் தலையைக் கொண்டுவந்தது. இப்போது டைட்டானியமும் கார்பன் இழையும்தான். உள்ளே வெறும் கூடு. 2004 முதல் தலையின் பருமனுக்கு 460 கன சென்டிமீட்டர் என்று விதியில் வரம்பு இருக்கிறது.

சாதாரண ஆட்டக்காரர் அந்த 460ஐ முழுதாக வாங்கவேண்டும். தலை பெரிதானால் எடையை நடுவிலிருந்து தள்ளி, ஓரங்களிலும் பின்புறத்திலும் வைக்க முடியும். கைகளை விரித்து நிற்கிறவரைச் சுழற்றித் தள்ளுவது, கைகட்டி நிற்கிறவரைச் சுழற்றுவதைவிடக் கடினம் அல்லவா, அதே கணக்கு. ஓரத்தில் பந்து பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. பந்து அவ்வளவாக வளையாது. இந்தத் திரும்பாத் தன்மைக்கும் விதியில் உச்சவரம்பு உண்டு, இன்றைய பல மாடல்கள் அதை நெருங்கிவிட்டன. முகத்தின் துள்ளலுக்கும் வரம்பு உண்டு, அதைப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே எட்டிவிட்டன. "போன வருட மாடலைவிட 15 யார்டு கூடுதல்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

பெயரில் கவனம் தேவை. ஒரே வரிசையில் மூன்று நான்கு தலைகள் வரும். 'மேக்ஸ்' என்று முடிவது பெரும்பாலும் நமக்கானது. 'எல்எஸ்' என்றோ சுழற்சி குறைவு என்றோ இருப்பது வேகக்காரர்களுக்கானது. பார்க்க அதுதான் கச்சிதமாக, அழகாக இருக்கும், கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள். 'டிரா' அல்லது 'டி' என்று வருவதில் எடை தண்டின் பக்கம் கூடுதலாக இருக்கும், பந்து வலப்பக்கம் ஓடுவதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். பவுடர் சோதனையில் பந்து ஓயாமல் வலப்பக்கம் வளைந்தவர்கள் கூச்சப்படாமல் இதை எடுக்கலாம். உடன் ஆடுகிறவர் யாரும் உங்கள் மட்டையைக் கவிழ்த்துப் படிக்கப்போவதில்லை.

சென்னையில் இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், நம் களங்கள் ஊருக்கு நடுவே இருக்கின்றன. நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டிய காஸ்மோபாலிட்டன் கிளப்பின் களம், கிண்டிப் பந்தயத் திடலுக்குள் ஜிம்கானா கிளப்பினர் தலைமுறைகளாக ஆடிவந்த களம், இரண்டையும் சுற்றி நகரம்தான். பந்து எல்லைக்கு வெளியே போனால் ஓர் அடி தண்டனை, அதோடு அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்கவேண்டும். இரண்டாவதாக அடிக்கும் அந்தப் பந்து கணக்கில் மூன்றாவது அடி. இருபது யார்டு கூடுதலாகப் போய் மதிலைத் தாண்டிய பந்தைவிட, இருபது யார்டு குறைவாகப் போய்ப் புல்லில் கிடக்கும் பந்து எவ்வளவோ மேல்.

தண்டு

விறைப்பை எழுத்துகளால் குறிப்பார்கள். 'எல்' மிக மென்மை, 'ஏ' அடுத்தது (சிலர் 'எம்' என்றோ சீனியர் என்றோ எழுதுவார்கள்), பிறகு 'ஆர்', 'எஸ்', 'எக்ஸ்'. 80க்குக் கீழே 'ஏ', 80 முதல் 95 வரை 'ஆர்', அதற்கு மேல் 'எஸ்' என்று தொடங்கலாம். தொடங்கலாம் என்றுதான் சொல்கிறேன். இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'ஆர்' இன்னொன்றின் 'எஸ்' அளவுக்கு விறைப்பாக இருக்கும். எழுத்தைவிட எடையைப் பாருங்கள். 50 கிராமை ஒட்டிய தண்டு நம்மில் பலருக்குப் பொருந்தும். ஈர வெயிலில் பதினாலாவது குழியை எட்டும்போது பத்து கிராம் வித்தியாசம் தோளில் தெரியும்.

'எஸ்' என்ற எழுத்தில் ஆண்மை இருப்பதாக நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அதேபோல், பெண்கள் என்றாலே 'எல்' தண்டை எடுத்து நீட்டும் கடைகளும் உண்டு. வேகத்தைக் கேட்காமல் எழுத்தைச் சொல்கிறவரிடம் வாங்கவேண்டாம்.

இனி நீளம். கடையில் இருக்கும் டிரைவர்கள் 45.5 அங்குலம், அதற்குச் சற்று மேலே. விதி 48 வரை அனுமதிக்கிறது. தொழில்முறைப் போட்டிகளில் 46 என்று கட்டுப்படுத்திக்கொள்ள 2022 முதல் வழி செய்திருக்கிறார்கள். நீளம் கூடினால் வேகம் கூடும், முகத்தின் நடுவில் படுவது குறையும். என் கதை அதுதான். தண்டை வெட்ட ஓடவேண்டாம். வெட்டினால் தலையின் எடை கைக்கு வேறு மாதிரி தெரியும். முதலில் பிடியில் ஓர் அங்குலம் கீழே பிடித்துப் பத்துப் பந்து அடியுங்கள், மறுபடி பவுடர் தூவி. வட்டம் நடுவுக்கு வந்துவிட்டால் செலவு முடிந்தது. நான் இன்றும் அப்படித்தான் அடிக்கிறேன்.

பிடி, வியர்வை, டிக்கி

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கு அது போதாது. காலை ஆறு மணிக்கே முழங்கையிலிருந்து சொட்டும் ஊரில், வழுக்கும் பிடியை நாம் அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது, முகம் திறந்தே வரும், பந்து வலப்பக்கம் போகும். ஐம்பதாயிரம் ரூபாய் மட்டையை அதில் ஒரு சின்ன பங்குகூட விலையில்லாத ரப்பர் கெடுத்துவிடும்.

நூல் கலந்த பிடியாகக் கேளுங்கள். சொரசொரப்பாக இருக்கும், மழையிலும் வியர்வையிலும் பிடிமானம் விடாது. உள்ளங்கை மெல்லியவர்களுக்கு முழுதும் நூலாக இருந்தால் கொப்பளிக்கும். மேல்கை படும் பாதி மட்டும் நூல் வைத்ததும் கிடைக்கிறது. பருமனும் பொருந்தவேண்டும்: பிடித்தபின் இடது கையின் நடு இரு விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. மாதம் ஒருமுறை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் காயவையுங்கள். கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மூன்று குழிக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிட்டால் காய்ந்துவிடும்.

இன்னொன்று. ஞாயிறு ஆடிவிட்டு மறு ஞாயிறு வரை மட்டைகளைக் கார் டிக்கியிலேயே வைத்திருப்பது பாதிப் பேரின் வழக்கம். கோடை வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அடுப்பு. தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், பிடியின் கீழுள்ள ஒட்டுநாடாவும் நழுவும். வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். எங்கள் வீட்டில் குடைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

திருகி மாற்றும் டிரைவர்

தண்டு தலைக்குள் நுழையும் இடத்தில் திருகி, சாய்வை ஒன்றிரண்டு டிகிரி மாற்றும் வசதி இப்போது பலவற்றில் வருகிறது. ஒன்று தெரிந்திருந்தால் போதும்: சாய்வைக் கூட்டினால் முகம் சற்று இடப்பக்கம் பார்க்கும், குறைத்தால் வலப்பக்கம் பார்க்கும். ஆகவே வலப்பக்கம் பந்து ஓடுகிறவருக்கு 9 டிகிரி வாங்கிக் கூட்டிக்கொள்வதைவிட 10.5 வாங்கி இன்னும் ஒன்று கூட்டிக்கொள்வது நல்லது. ஒருமுறை வைத்துவிட்டுத் திருகுச் சாவியைக் கொஞ்ச நாள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

எங்கே, என்ன விலைக்கு?

பெரிய நிறுவனங்களின் அந்த ஆண்டு மாடல்கள் அரை லட்சத்தைச் சுற்றி நிற்கும். இரண்டு மூன்று ஆண்டு பழைய மாடல் அதில் பாதிக்கும் கிடைக்கும். துள்ளலுக்கு வரம்பு இருப்பதால் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. விளையாட்டுப் பொருள் கடையான டெகாத்லானில் கிடைக்கும் இனெசிஸ் போன்றவையும் தொடக்கத்துக்குத் தாழ்வில்லை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லிவிடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம்தான். அடித்துப் பார்க்காமல் வாங்குகிறோம், கோளாறு வந்தால் இங்கே உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

என் கட்சி, கைமாறி வரும் மட்டை. கிளப்பில் ஒருவர் புதிது வாங்கினால் பழையது எங்காவது போகவேண்டுமே. கேடிகளிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லிவைத்தால் தகவல் தானாக வரும். வாங்கும்போது வெளிச்சத்தில் கொண்டுவந்து பாருங்கள். முகத்தின் மேல்விளிம்பிலும், தலையின் மேற்பரப்பான கூரையிலும் வெள்ளைக் கீறல்கள் இருந்தால் டீ உயரம் தப்பி அடித்த தழும்பு. அழகுக் குறைவு மட்டும்தான், விலை குறைக்கக் காரணமாகச் சொல்லலாம். முகத்தில் மயிரிழை விரிசலோ, நேரான அட்டை விளிம்பை வைத்தால் நடுவில் பள்ளமோ தெரிந்தால் வேண்டாம். நடுப்பகுதி சற்று வெளியே புடைத்திருப்பதுதான் இயல்பு. காதருகே வைத்து ஆட்டுங்கள்: உள்ளே ஏதோ உருண்டால் பசைத் துண்டு கழன்றிருக்கும், அடிக்கும்போதெல்லாம் எரிச்சலூட்டும். தண்டு தலையைச் சேரும் கறுப்பு வளையத்துக்கு மேலே நகத்தால் சுற்றித் தடவுங்கள். இழை பிரிந்திருந்தால் நகத்தில் மாட்டும். திருகுச் சாவியும் தலையுறையும் உண்டா என்று கேளுங்கள்.

இணையத்தில் பாதி விலைக்குப் புத்தம் புது மட்டை என்று வந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். கோல்ஃப் மட்டைகளில் போலி தாராளம். எழுத்தின் அச்சு மங்கல், வண்ணம் சற்று மாறுதல், கழுத்துப் பகுதியில் வரிசை எண் இல்லாமை, இவை அடையாளம். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவேண்டாம்.

கடைசிச் சோதனை

மூன்று டிரைவருக்கு மேல் ஒப்பிடாதீர்கள். நான்காவதை எடுக்கும்போது கை களைத்திருக்கும், மனம் குழம்பியிருக்கும். ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து. பத்தில் சிறந்த இரண்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவைதான் விற்பனையாளர் நினைவுபடுத்தும் அடிகள். மோசமான மூன்றை மட்டும் பாருங்கள்: எங்கே போய் விழுந்தன? எந்த மட்டையின் மோசமான மூன்று, கண்டுபிடித்து மறுபடி அடிக்கக்கூடிய இடத்தில் கிடக்கிறதோ அதை வாங்குங்கள். சத்தம் பிடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதையும் ஒதுக்கவேண்டாம். டீயில் நின்று குனிந்து பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிக்காத மட்டையை யாரும் நிம்மதியாக வீசுவதில்லை. இரண்டு மட்டைகள் சமமாக நின்றால் சாய்வு கூடியதை எடுங்கள்.

வாங்கிய பிறகு டீ உயரத்தைச் சரிசெய்யுங்கள். மட்டையைத் தரையில் வைத்தால், கூரைக்கு மேலே பாதிப் பந்து தெரியவேண்டும். எங்கள் கேடி என் டீக்குச்சி ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். கோடு வரை மண்ணில் இறக்கினால் உயரம் சரி. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது மட்டும் குச்சி கோட்டைத் தாண்டி இறங்கிவிடும், பார்த்து இறக்குங்கள்.